குடிபோன ஊரைக் குடும்பமாக அறிவது

வெளிநாட்டில் குடியேறிய குடும்பம் முதல் விடுமுறையில் ஊர் பார்க்கப் புறப்படும்போது, பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள் போகிற இடங்களுக்கே போகிறது. மலேசியாவின் கேமரன் மலைக்கு வந்தவர்களானால் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக் காடு, கீ ஃபார்ம் சந்தை, ஸ்ட்ராபெரித் தோட்டம். சில வாரங்களில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாயிற்று என்ற திருப்தி வந்துவிடும். பிறகு வீடு, வேலை, பள்ளிக்கூடம், நம்மவர் கடை என்று நான்கு இடங்களுக்குள் வாழ்க்கை அடங்கிவிடும். இந்த மலைக்குப் புதிதாக வந்து சேர்ந்தவர்களையும், இங்கிருந்து வேறு நாடுகளுக்குப் போனவர்களையும் கவனித்து வந்ததில் எனக்கு ஒரு கருத்து உறுதிப்பட்டிருக்கிறது. குடியேறிய ஊரை அறிவதைப் பொழுதுபோக்குக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைக் குடும்பத்தின் பாதுகாப்புக் கணக்கில் எழுத வேண்டும். வேலை கொடுத்தவரோ முகவரோ உறவினரோ இடையில் நிற்காமல், தனக்கு வேண்டியதை அந்த ஊரில் தானே கேட்டுப் பெற முடிந்த நாளில்தான் ஒரு குடும்பம் அங்கே உண்மையாகக் குடியேறுகிறது. அந்தத் திறமை குடும்பத் தலைவருக்கு மட்டும் இருந்தால் போதாது, வீட்டில் உள்ள எல்லாருக்கும் வேண்டும்.

இதைப் பேசக் கோலா தெர்லா பொருத்தமான இடம். பிரிஞ்சாங்கிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையில், திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் இடையில் இருக்கும் சிற்றூர் இது. சுற்றுலாப் பேருந்துகள் நிற்காமல் கடந்து போகும். ஒரு கடைவீதி, வீடுகள், சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறிப் பாத்திகள், தெலோம் ஆற்றை நோக்கி இறங்கும் தெர்லா ஆறு. தேயிலை இந்த ஊருக்குத் தெற்கே சுங்கை பாலாஸிலும் வடக்கே புளூ வேலியிலும் விளைகிறது. சீன விவசாயிகள், தமிழ்க் குடும்பங்கள், மலாய்க்காரர்கள், சுற்றிலும் உள்ள கிராமங்களில் செமாய்ப் பழங்குடியினர், வங்காளதேசம், நேப்பாளம், மியன்மார், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர்கள் என்று இத்தனை பேர் ஒரே சாலையைப் பயன்படுத்துகிறார்கள். பார்ப்பதற்கு இங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கடினம். ஆனால் ஓர் ஊரில் வாழ எதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டால், இந்தச் சிற்றூர் அதை முழுமையாகக் கற்றுத்தரும்.

முதலில் இந்த மலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வாதத்துக்கு வலுவான சான்று அவர்கள் வாழ்க்கையில்தான் இருக்கிறது. வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் 1885இல் இந்த மேட்டு நிலத்தைப் பற்றி எழுதினார். நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் அதை மலைவாசத்தலமாக்கும் திட்டம் பிறந்தது. தாப்பாவிலிருந்து மலையேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிந்தது. அதற்குச் சற்று முன், 1929இல், ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலை நிறுவனத்தைத் தொடங்கினார். காட்டை அழிக்கவும் செடி நடவும் கொழுந்து பறிக்கவும் சென்னை மாகாணத்திலிருந்து தமிழர்கள் வந்தார்கள். அப்போது மலாயாவில் நடைமுறையில் இருந்தது கங்காணி முறை. தோட்டத்து மேற்பார்வையாளரான கங்காணி ஊருக்குத் திரும்பித் தன் சொந்தக்காரர்களையும் அக்கம்பக்கத்தாரையும் சேர்த்துக்கொண்டு வருவார். 1907இல் உருவாக்கப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொள்ளும். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ ஏறியவர்கள் பினாங்கில் இறங்கித் தோட்டங்களுக்குப் பிரிந்து போவார்கள். உதவிப் பயணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தியது. ஆகவே கேமரன் மலைத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து நேரடியாக ஆள் வரக்கூடிய காலம் பத்து ஆண்டுகூட நீடிக்கவில்லை. அதற்குள்ளும் 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்து, மலாயாவிலிருந்து ஏராளமான தமிழ்த் தொழிலாளர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

வந்து தங்கியவர்கள் பார்த்த ஊர் எது? தோட்டம்தான். வரிசையாகக் கட்டிய லயத்து வீடு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம், குழந்தைகளை விட்டுச்செல்லும் ஆயாக் கொட்டகை, மாரியம்மன் கோயில், கடை, பள்ளிக்கூடம் எல்லாம் தோட்ட எல்லைக்குள் இருந்தன. பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று அன்றைய தொழிலாளர் சட்டம் முதலாளிக்குக் கடமை விதித்தது. நல்ல சட்டம்தான். ஆனால் அந்தப் பள்ளியும் தோட்டத்துக்குள்ளேதான் இருந்தது. வெளியுலகத்தோடு பேச வேண்டிய வேலையெல்லாம் சிலர் கையில் இருந்தது. வேலையைத் தண்டலும் கங்காணியும் பார்த்துக்கொண்டார்கள். கணக்கும் கடிதமும் கிராணியின் பொறுப்பு. தோட்ட மேலாளரான துரையிடம் எதைச் சொல்ல வேண்டுமானாலும் இவர்களில் ஒருவர் வழியாகத்தான் போக வேண்டும். குடியிருந்த வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசியும் மருந்தும் போய்ச் சேராமல் தடுக்க, மலாயாவின் பல தோட்டங்களில் லயங்களை ஓரிடத்தில் ஒடுக்கி முள்வேலி போட்டார்கள். அதுவரை கண்ணுக்குத் தெரியாமல் இருந்த வேலி அப்போது கம்பியாகவே வந்து நின்றது. பக்கத்து நகரம் சில மைல் தூரத்தில் இருந்தும், அங்கே எந்த அலுவலகத்தில் என்ன கிடைக்கும் என்று அறியாமல் ஒரு தலைமுறை வாழ்ந்து முடிய இத்தனையும் காரணங்கள்.

இதற்குக் கொடுத்த விலை சுதந்திரத்துக்குப் பிறகு தெரிந்தது. 1957இல் மலாயா விடுதலை பெற்றபோது, நீண்ட காலம் வாழ்ந்துவந்த வெளிநாட்டவரும் பதிவு செய்து குடியுரிமை பெற வழி திறந்தது. முதல் ஓராண்டுக்குள் விண்ணப்பித்தவர்களில் பலருக்கு மலாய் மொழி அறிவு என்ற நிபந்தனையும் தளர்த்தப்பட்டிருந்தது. தகுதி இருந்தும் தோட்டத் தமிழர்களில் கணிசமானோர் விண்ணப்பிக்கவில்லை. படிவத்தை எங்கே வாங்குவது, எந்தத் தாள்களைக் காட்டுவது, யாரிடம் கேட்பது என்று தெரியாதது ஒரு காரணம். தோட்டத்தில் வேலையும் வீடும் இருக்கும்போது அந்தத் தாள் எதற்கு என்ற எண்ணம் இன்னொரு காரணம். 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும் என்றானது. 1969க்குப் பிறகு அது இறுக்கமாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். தங்கிவிட்டவர்களில் பலருக்குக் குடிமக்கள் அல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் கையில் இருந்தது. அந்த அட்டையோடே முதுமை அடைந்தவர்கள், அவர்களுடைய தாள்களில் குறை இருந்ததால் பிறப்புப் பத்திரம் பெறச் சிரமப்பட்ட பிள்ளைகள் என்று அந்த ஓராண்டின் நிழல் மலேசியத் தமிழ்க் குடும்பங்களில் இன்னும் முழுதாக மறையவில்லை.

இந்த இடத்தில் நியாயமான ஒரு மறுப்பு எழும். அவர்கள் ஊரை அறியாமல் இருந்தது அவர்கள் குற்றமா? தோட்ட நிர்வாகமும் காலனி அரசும் திட்டமிட்டு ஒதுக்கி வைத்தவர்களிடம் ஏன் வெளியே போய்ப் பார்க்கவில்லை என்று கேட்பது கொடுமை இல்லையா? ஆம், கொடுமைதான். நான் அப்படிக் கேட்கவில்லை. அந்த அடைப்பு முதலாளிக்கு இலாபம் தந்தது. வெளியே எவ்வளவு கூலி என்று அறியாதவன் பேரம் பேச மாட்டான். இன்னொரு மறுப்பும் உண்டு, அதையும் நான் ஏற்கிறேன். அறிவு எல்லாவற்றையும் காப்பாற்றிவிடாது. இலங்கை மலையகத்தில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இலட்சக்கணக்கான தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. கண்டியும் நுவரெலியாவும் உள்ளங்கைபோலத் தெரிந்தவரும் அந்தச் சட்டத்தின் முன் தப்பியிருக்க முடியாது. ஆனால் மலாயாவில் கதவு சிறிது காலம் திறந்திருந்தது. திறந்திருந்த கதவுக்குப் போகும் வழி தெரிந்தவர்கள் உள்ளே போனார்கள். தொழிற்சங்கத்தோடு தொடர்பில் இருந்தவர்கள், பட்டணத்தில் பழக்கம் வைத்திருந்தவர்கள், செய்தித்தாள் வாசித்தவர்கள் முந்திக்கொண்டார்கள். தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது இந்தியர் கட்சியான ம.இ.கா.வின் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் மாதாமாதம் பணம் கட்டிப் பங்குதாரரானவர்களும் அப்படித் தோட்டத்துக்கு வெளியே நடப்பதை அறிந்துகொண்டவர்களே. வேலி போட்டவர்கள் மீதுதான் பழி. வேலி இல்லாத காலத்தில் வாழும் நாம் அந்த வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் தனியே இருக்கிறது.

ஏனென்றால் இன்று வெளிநாடு போகும் குடும்பம் தன்னைச் சுற்றித் தானே ஒரு லயத்தைக் கட்டிக்கொள்கிறது. நிறுவனம் வீடு பார்த்துத் தருகிறது. முகவர் விசா வேலையைப் பார்க்கிறார். வாட்ஸ்அப் குழு மளிகைக் கடை முதல் மருத்துவர் வரை சொல்கிறது. வார இறுதியில் நம்மவர் வீட்டில் விருந்து. எல்லாம் நல்ல உதவிகள், அவற்றை மறுக்கச் சொல்லவில்லை. புது நாட்டில் முதல் மாதம் தமிழ்க் குரல் கேட்பது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது எனக்குத் தெரியும். கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இல்லாவிட்டால் இந்த மலையில் தமிழே நிலைத்திருக்காது. நான் அஞ்சுவது, அந்த உதவிகள் வழியாக மட்டுமே ஊரை அறிவதைப் பற்றித்தான். கிராணி செய்த வேலையை இப்போது முகவர் செய்கிறார். முகவர் நல்லவராக இருக்கலாம், கிராணிகளிலும் நல்லவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர் ஊரை விட்டுப் போனாலோ, அவரோடு மனத்தாங்கல் வந்தாலோ, அவர் சொன்ன தகவல் தவறாக இருந்தாலோ குடும்பம் திகைத்து நிற்கும். இந்த ஆபத்து வீட்டுப் பெண்களுக்கு இரட்டிப்பு. மலேசியாவில் கணவரின் வேலை அனுமதியைச் சார்ந்த அனுமதியில் தங்கும் மனைவிக்கு, அந்த வேலைக்கு ஏதாவது நேர்ந்தால் தங்கும் உரிமையே கேள்விக்குறி. குடிநுழைவு அலுவலகத்தின் வாசலைக் கணவர் மட்டுமே கண்டிருந்தால், நெருக்கடி நாளில் அந்தப் பெண் யாரைக் கேட்பார்?

அப்படியானால் எங்கிருந்து தொடங்குவது? தண்ணீரிலிருந்து தொடங்குங்கள் என்பது என் பரிந்துரை. வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கே எடுக்கப்படுகிறது, வீட்டைத் தாண்டிப் போகும் ஆறு எங்கே போகிறது என்று பிள்ளைகளோடு சேர்ந்து தேடுங்கள். கோலா தெர்லாவில் இந்தக் கேள்வி ஆச்சரியமான இடங்களுக்குக் கொண்டுபோகும். இங்கே ஒரு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. சிறிய நீர்மின் நிலையம் ஒன்றும் உண்டு. தெலோம் ஆறு இயல்பில் கிழக்கே ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றில் கலந்து தென்சீனக் கடலுக்குப் போக வேண்டியது. கேமரன் மலை நீர்மின் திட்டம் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதியைச் சுரங்க வழியே பெர்த்தாம் ஆற்றுக்குத் திருப்பி, ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபு பக்கார் அணையில் தேக்கி, மலையைக் குடைந்து மேற்கே ஜோர் நிலத்தடி மின்நிலையத்துக்கு அனுப்புகிறது. கிழக்கே ஓட வேண்டிய மழைநீர் பேராக் மாநிலத்துக்குள் இறங்கி மலாக்கா நீரிணையில் கலக்கிறது. இதை அறிந்த குடும்பத்துக்கு மேல்சரிவில் காட்டை வெட்டினால் கீழே என்ன ஆகும் என்பதும் புரியும். தோட்டங்களிலிருந்து அடித்துவரும் மண் அணையில் படிந்து, தேக்கும் இடத்தைச் சுருக்கிவிட்டது. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் கடும் மழையில் அந்த அணையிலிருந்து நீர் திறக்கப்பட்டு, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உயிர்களும் வீடுகளும் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் அதே பகுதியை மண்சரிவும் சேற்று வெள்ளமும் தாக்கின. வாடகைக்கு வீடு தேடும்போது சாளரத்திலிருந்து மலை தெரிகிறதா என்று பார்க்கிறோம். ஆற்றங்கரையிலிருந்து எத்தனை அடி உயரம், பின்புறச் சரிவில் மரம் இருக்கிறதா வெட்டிய மண் இருக்கிறதா, சென்ற மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்பதுதான் முதல் வேலை. சமவெளி நகரங்களிலும் இது பொருந்தும். ஏரியை நிரப்பி எழுந்த குடியிருப்புகளில் 2015ஆம் ஆண்டு வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு விளக்கம் தேவையில்லை.

அடுத்தது பாதை. கோலா தெர்லாவில் வாழ்பவருக்கு மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. பெரிய மருத்துவமனை வேண்டுமென்றால் கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாகப் பேராக் மாநிலத்து ஈப்போவுக்கு இறங்குவதுதான் வசதி. இந்த மலை அடங்கிய பகாங் மாநிலத்தின் தலைநகர் குவாந்தான் கிழக்குக் கரையில் வெகுதூரத்தில் இருக்கிறது. மாநில எல்லை தாளில் ஒரு விதமாகவும் சாலை தரையில் வேறு விதமாகவும் இருப்பதைப் புதிதாக வந்தவர்கள் நெருக்கடி வரும்வரை கவனிப்பதில்லை. பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் கீ ஃபார்ம், பிரிஞ்சாங் பக்கம் வண்டிகள் மணிக்கணக்கில் ஊர்ந்து போகும். அந்த நாள்களில் தானா ராத்தா தூரம் கிலோமீட்டரில் அப்படியே இருந்தாலும் நேரத்தில் பல மடங்காகிவிடும். ஆகவே மருத்துவமனைக்குப் போகும் வழியை நோய் இல்லாத நாளில் ஒரு முறை, நெரிசல் நாளில் ஒரு முறை, மழை நாளில் ஒரு முறை குடும்பமாகப் போய்ப் பழகிக்கொள்ள வேண்டும். கைப்பேசி வரைபடம் இருக்கிறதே என்பார்கள். வரைபடம் உதவும், ஆனால் பள்ளத்தாக்குகளில் அலைவரிசை விட்டுப்போகும். மண் சரிந்த சாலையை அது காலந்தாழ்ந்தே அறியும். எந்த வளைவில் பனி இறங்கும் என்பதையும் அது சொல்லாது. மேலும், வரைபடம் வைத்திருப்பவருக்குத்தான் அது வழி சொல்லும். வண்டி ஓட்டத் தெரியாத மாமியாரோ பத்து வயதுப் பிள்ளையோ அவசரத்தில் 999ஐ அழைத்தால், தாங்கள் இருக்கும் இடத்தை எந்தப் பெயரால் சொல்வார்கள்? கடைப் பெயர், கோயில், பாலம், பள்ளி என்று ஊரார் அடையாளம் சொல்கிற முறையில் சொல்லப் பழகியிருக்க வேண்டும்.

தாள்களைப் பற்றி மேலே நிறையச் சொல்லிவிட்டேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மலேசியாவில் ஒருவரின் கடப்பிதழை இன்னொருவர் சட்டப்பூர்வ அதிகாரம் இன்றிப் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். முதலாளி பத்திரமாக வைத்திருக்கிறார் என்று நிம்மதியாக இருப்பவர்கள் இன்றும் உண்டு. குடும்பத்தோடு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. தற்காலிக வேலை அனுமதியில் தோட்டத்துக்கோ உணவகத்துக்கோ வரும் தொழிலாளிக்குக் குடும்பத்தை அழைத்து வரவே அனுமதி இல்லை. குடும்பமாக ஊர் பார்ப்பது பற்றிப் பேசும்போதே, அந்த உரிமை இல்லாமல் பக்கத்துப் பாத்தியில் வேலை செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது. நூறு ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன்மார் நின்ற இடத்தில் இன்று அவர் நிற்கிறார்.

இந்த எண்ணம்தான் சந்தைக்கும் கொண்டுபோகிறது. பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் நம்மவர் கடையில் மட்டும் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கித் திரும்பினால் ஊரில் பாதியைத்தான் கண்டிருக்கிறோம். மற்றவர்கள் என்ன விளைவிக்கிறார்கள், எந்த மாதம் எந்தக் காய் விலை ஏறுகிறது, அதிகாலையில் கிளம்பும் லாரிகள் எந்த ஊருக்குப் போகின்றன என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். மலாய் தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. இங்கே சீனக் கடைக்காரரும் வங்காளத் தொழிலாளியும் செமாய்ப் பெண்ணும் ஒருவரோடு ஒருவர் பேசுவது எளிய சந்தை மலாயில்தான். எண்கள், உறவுமுறை விளிகள், விலை கேட்கும் வாக்கியங்கள், நன்றி சொல்லும் சொல் தெரிந்தால் சந்தையில் நடமாடத் தொடங்கிவிடலாம். தமிழ் வட்டத்துக்குள் மட்டும் வாழ்பவருக்கு ஊரின் பெரிய மாற்றங்கள்கூடப் புரியாமல் போகும். கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியை 2004 முதல் ம.இ.கா. வேட்பாளர்களான தமிழர்களே வென்று வந்தார்கள். 2018 தேர்தல் முடிவு செல்லாது என்று தீர்ப்பான பிறகு, 2019 ஜனவரியில் நடந்த இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்றார். தீபகற்ப மலேசியாவின் பூர்வகுடிகளான ஓராங் அஸ்லி மக்களில், தேர்தலில் வென்று மலேசிய மக்களவைக்குப் போன முதல் மனிதர் அவர். இந்த மண்ணில் எல்லாருக்கும் முன்பு வாழ்ந்தவர்கள் யார் என்பதை அன்றுதான் பலர் நினைத்துப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. எந்த நாட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளூர் மொழியைப் பெற்றோருக்கு முன்பே பிடித்துக்கொள்வார்கள். மலேசியாவில் தமிழ்ப்பள்ளியில் தொடக்கக் கல்வி முடித்தவர்களும் இடைநிலைப் பள்ளியில் மலாயில்தான் படிக்கிறார்கள். உடனே வங்கியிலும் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் பிள்ளையே குடும்பத்தின் வாயாகிவிடுகிறது. பெற்றோருக்குப் பெருமையாக இருக்கும், வசதியாகவும் இருக்கும். ஆனால் தாயின் நோயை மருத்துவருக்கு விளக்குகிற வேலையும், வாடகை பாக்கியைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேசுகிற வேலையும் பன்னிரண்டு வயதுக்கு உரியவை அல்ல. கிராணியின் இடத்தில் நாமே நம் பிள்ளையை உட்கார வைக்கிறோம். பெரியவர்கள் தடுமாறிப் பேசட்டும், பிள்ளைகள் பக்கத்தில் நின்று திருத்தட்டும். அந்த முறையில் இருவருக்கும் கல்வி உண்டு. தாத்தா பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போகும் பழக்கமும் மாற வேண்டும். வெளிநாட்டுப் பகல்களில் வீட்டில் தனியே இருப்பவர்கள் அவர்கள்தாம். பக்கத்து வீடு, கடை, பூங்கா, கோயில் வரை அவர்கள் தாமாக நடந்து போய்த் திரும்பத் தெரிந்திருந்தால் அவர்களுடைய தனிமையில் பாதி குறையும்.

நேரம் ஏது என்று கேட்பவர்கள் உண்டு. இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவே சரியாகிவிடுகிறது. அதனால்தான் ஊர் பார்ப்பதைத் தனி நிகழ்ச்சியாக வைக்க வேண்டாம் என்கிறேன். எப்படியும் செய்ய வேண்டிய வேலையில் அதைக் கலந்துவிட வேண்டும். மின் கட்டணத்தைக் கைப்பேசியில் கட்டலாம்தான், முதல் இரண்டு மாதம் முகப்புக்கு நேரில் போய்க் கட்டுங்கள். ஒரு பொருளை இணையத்தில் வாங்கும் முன் ஊர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். வேறு வேறு ஆள், வேறு வேறு வேலை என்று மாற்றி மாற்றிப் போங்கள். இந்த மாதம் வங்கிக்கு அம்மா, அடுத்த மாதம் அப்பா. இதற்குக் கூடுதல் செலவு கிடையாது, சற்றுப் பொறுமை மட்டும் வேண்டும். பயம் வேறு விஷயம். சில நகரங்களில் சில தெருக்கள் உண்மையிலேயே ஆபத்தானவை, நிறத்தைப் பார்த்து நடத்துகிற இடங்களும் உண்டு. அங்கே தைரியம் சொல்லி அனுப்புவது பொறுப்பில்லாத செயல். பகலில், பலர் நடமாடும் நேரத்தில், உள்ளூர் ஒருவரோடு போய்ப் பார்த்து எங்கே போகக் கூடாது என்பதை அறிந்துகொள்வதும் ஊரை அறிவதில் ஒரு பகுதிதான்.

தேயிலைச் சரிவுகளைப் பார்க்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசிக் காட்டின் ஈரமும் சுங்கை பாலாஸின் பச்சையும் இந்த மலையின் செல்வங்கள். அவற்றைக் கடைசியில் வைத்தால் இரட்டிப்பாகக் காணலாம் என்பதே என் கருத்து. ஆற்றையும் சாலையையும் அறிந்த பிறகு அந்தச் சரிவைப் பார்க்கும்போது, யார் பாதை வெட்டினார்கள், யார் நட்டார்கள், இன்று இயந்திரக் கத்தரியோடு கொழுந்து எடுப்பவர் எந்த நாட்டுக்காரர், அவர் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்விகளும் கூடவே வரும். அந்தக் கேள்விகளோடு நிற்கும் குடும்பத்துக்கு அந்தக் காட்சி அதிகம் சொல்லும்.

புதிதாகக் குடிபோன குடும்பங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். முதல் மாதத்திலேயே ஒரு வேலைநாளில் விடுப்பு எடுங்கள். வீட்டில் உள்ள அத்தனை பேரும் பொதுப் பேருந்திலோ நடந்தோ மருத்துவமனை, பதிவு அலுவலகம், குடிநுழைவு அலுவலகம், காவல் நிலையம், பள்ளி ஆகியவற்றின் வாசல்வரை போய் வாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் வேறொருவர் முன்னே போய்ப் பேசட்டும். திரும்பி வந்ததும் கடப்பிதழ்களையும் பிறப்புப் பத்திரங்களையும் எடுத்து, அவை இருக்கும் இடத்தை எல்லாருக்கும் காட்டி, நகல்களை அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள்.